தொட்லகொண்டாவில் சொன்ன பெயர்

லிங்கராஜபுரம், பெங்களூரு
30 டிசம்பர் 2024

தர்ஷினி மேடம் அவர்களுக்கு,

நான் ஜெசிந்தா. உங்களிடம் சர்வேயராக வேலை செய்யும் கில்பர்ட்டின் மனைவி. நாம் சந்தித்ததில்லை. உங்கள் நம்பர் அவருடைய போனில் இருக்கும். ஆனால் அவர் போனை எடுத்துப் பார்க்கிற பழக்கம் எனக்கு இல்லை, இனிமேலும் வர வேண்டாம் என்று நினைக்கிறேன். பீமிலி முகாமின் விலாசம் அவர் கம்பெனி கொடுத்த ஆர்டரிலேயே இருந்தது. அதனால்தான் கடிதம். போனில் என்றால் நான் கத்திவிடுவேன் என்பது இன்னொரு காரணம்.

விஷயத்துக்கு வருகிறேன். கிறிஸ்துமஸ் அன்று மதியம் எங்கள் வீட்டில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். என் மாமியார், கில்பர்ட்டின் தம்பி டென்சில், அவன் மனைவி, குழந்தைகள், என் அம்மா. நான் பிரியாணி பரிமாறிக்கொண்டே வந்தேன். கில்பர்ட் தட்டில் இரண்டாவது கரண்டி வைக்கப் போனபோது அவர் தலையைத் தூக்காமல் கையை மட்டும் குறுக்கே நீட்டி, “போதும் மேடம்” என்றார்.

வீடே சிரித்தது. “அண்ணிக்கு பிரமோஷன் கெடச்சிருச்சு டோய்” என்றான் டென்சில். என் மாமியாருக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே சமையலறைக்குப் போய்ப் பாத்திரத்தை இறக்கி வைத்துவிட்டு, குழாயைத் திறந்துவிட்டு முகத்தைக் கழுவிக்கொண்டேன்.

வாய் தவறி வந்தது என்பீர்கள். இருக்கலாம். ஆனால் இதையும் கேளுங்கள். கில்பர்ட் வீட்டில் பேசுகிற ஆள் இல்லை. சாப்பாடு எப்படி என்றால் ‘ம்’. மழை வருமா என்றால் ‘ம்’. நான் வீட்டிலேயே கேக் செய்து விற்கிறேன். என் ஓவன் போடுகிற சத்தம்கூட அவரைவிட அதிகம். அப்படிப்பட்டவர் உங்கள் மலைக்குப் போன பிறகு போனில் வாய் ஓயாமல் பேசுகிறார். பாறையைக் குடைந்து வெட்டின தண்ணீர்த் தொட்டி, புத்த பிட்சுகள் தங்கின அறை, கீழே கடல், அந்தக் காலத்துக் கப்பல். ஒவ்வொன்றுக்கும் முன்னாலும் பின்னாலும் “தர்ஷினி மேடம் சொன்னாங்க”. மழைக்காலம் முழுக்க பிட்சுகள் ஊர் சுற்றாமல் அங்கேயே தங்குவார்களாம், தர்ஷினி மேடம் சொன்னாங்க. பெண்டாட்டி பிள்ளை வேண்டாம் என்று மலையேறி உட்கார்ந்தவர்களின் அறையை அளப்பதற்கு என் வீட்டுக்காரர்தான் கிடைத்தாரா?

நேராகக் கேட்கிறேன், நேராகப் பதில் சொல்லுங்கள். உங்களுக்குக் கல்யாணம் ஆகியிருக்கிறதா? சாயங்காலம் வேலை முடிந்தால் அவர் யாரோடு உட்கார்ந்து பேசுகிறார்? வீட்டில் வராத பேச்சு அங்கே மட்டும் எப்படி வருகிறது?

ஜெசிந்தா கில்பர்ட்


பீமிலி
7 ஜனவரி 2025

திருமதி ஜெசிந்தா அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. இதற்குப் பதில் எழுத வேண்டிய கட்டாயம் எனக்கு இல்லை. எழுதாமல் இருந்தால் அதற்கும் நீங்கள் ஒரு அர்த்தம் கண்டுபிடிப்பீர்கள் என்பதால் எழுதுகிறேன்.

இங்கே எல்லோரும் என்னை மேடம் என்றுதான் கூப்பிடுகிறார்கள். டிரைவர் கூப்பிடுகிறார், சமையல்கார அம்மா கூப்பிடுகிறார், டிரோன் பறக்கவிடும் கிஷோர் கூப்பிடுகிறான். அவர்கள் வீட்டிலிருந்து எனக்கு யாரும் கடிதம் எழுதவில்லை.

எங்கள் வேலை என்னவென்று உங்களுக்குச் சரியாகத் தெரியாது என்று நினைக்கிறேன். ஆந்திரக் கடலோரத்தில் குன்று குன்றாக பௌத்த விகாரைகள் இருந்திருக்கின்றன. கடல் வாணிகம் நடந்த காலத்தில் கட்டியவை. எல்லாவற்றையும் செங்கல் செங்கலாக அளந்து வரைபடமாக்குகிறோம். சாலிஹுண்டத்தில் தொடங்கினோம். பாவுரலகொண்டா, பாவிகொண்டா முடிந்தது. இப்போது பீமிலிக்குப் பக்கத்தில் தொட்லகொண்டா. தெலுங்கில் ‘தொட்டிகளின் மலை’. நான் குழுத் தலைவி, கில்பர்ட் சர்வேயர். இதற்கு முன் இவ்வளவு கச்சிதமாக அளக்கும் ஒருவரோடு நான் வேலை செய்ததில்லை. அதைச் சொல்வதில் எனக்குத் தயக்கம் ஒன்றும் இல்லை.

நீங்கள் கேட்டவற்றுக்குப் பதில். கல்யாணம் ஆனது, பிரிந்துவிட்டோம். மாதக்கணக்கில் மலையில் இருக்கிற பெண் வேண்டாம் என்று அவர் முடிவு செய்தார். சாயங்காலம் குழு முழுவதும் ஒரே மேஜையில்தான் சாப்பிடுகிறோம். சாப்பிட்டதும் கில்பர்ட் உங்களுக்குப் போன் செய்ய மாடிக்குப் போய்விடுவார். பேச்சு எப்படி வருகிறது என்றால், குழுவில் தமிழ் தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். நானும் பெங்களூர்தான், மர்பி டவுனில் பிறந்து வளர்ந்தவள். நாளெல்லாம் தெலுங்கும் ஆங்கிலமும் கேட்ட பிறகு பெங்களூர்த் தமிழ் காதில் விழுந்தால் எனக்கும் வாய் திறந்துகொள்ளும், அவருக்கும். வேறொன்றும் இல்லை.

உங்கள் கோபம் எனக்குப் புரியாமல் இல்லை. மிரியம் போன பிறகு நீங்கள் இரண்டு பேரும் பட்டதையெல்லாம் கில்பர்ட் சொல்லியிருக்கிறார். அந்த மாதிரித் துக்கம் மனசை எங்கெங்கோ கொண்டுபோகும். அதை மனதில் வைத்து உங்கள் கடிதத்தை நான் பெரிதுபடுத்தவில்லை. அவரிடமும் சொல்லவில்லை.

இத்துடன் இது முடியட்டும்.

தர்ஷினி


லிங்கராஜபுரம்
13 ஜனவரி 2025

மேடம்,

மிரியம்.

அந்தப் பெயரை உங்கள் கையெழுத்தில் பார்த்தேன். கடிதத்தோடு நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். ஓவனில் இருந்தது கருகி, பக்கத்து வீட்டு சரோஜம்மா வந்து கதவைத் தட்டுகிற வரைக்கும் எனக்குத் தெரியவில்லை.

அவள் எங்கள் மகள். இரண்டு நாள் இருந்தாள். இருந்திருந்தால் வருகிற பிப்ரவரியில் ஆறு வயது. அவள் போனதிலிருந்து கில்பர்ட் அந்தப் பெயரை என் முன்னால் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. கல்லறைத் திருநாள் அன்று என்னைக் கூட்டிக்கொண்டு போவார். அங்கே பெரிய சிலுவைக்கு அடியில் மெழுகுவர்த்தி ஏற்றியதும் வெளியே போய் ஸ்கூட்டர் பக்கத்தில் நின்றுகொள்வார். ஆண்பிள்ளை, மறந்துவிட்டார் என்று நினைத்தேன். மறந்த மனுஷனிடம் என்ன சண்டை போட முடியும் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

மறக்கவில்லை. மலையேறி வந்து உங்களிடம் சொல்லியிருக்கிறார்.

நீங்களும் அவரும் கைகோர்த்துக்கொண்டு கடற்கரையில் நடந்தீர்கள் என்று யாராவது வந்து சொல்லியிருந்தால்கூட எனக்கு இப்படி எரிந்திருக்காது. அதற்கு என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். வண்டி பிடித்து வந்து உங்கள் முகாம் வாசலில் நின்று ஊரைக் கூட்டியிருப்பேன். இதற்கு என்ன செய்வது? அவருடைய சிரிப்பை எடுத்துக்கொள்ளுங்கள், பேச்சை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் அழுகை என்னுடையது. அதை நான் பெற்றேன். அதில் உங்களுக்குப் பங்கு கிடையாது.

என்ன சொன்னார்? எங்கே வைத்துச் சொன்னார்? நின்றுகொண்டா, உட்கார்ந்தா? அழுதாரா? ஒரு வார்த்தை விடாமல் எழுதுங்கள். அவரிடம் நான் கேட்க மாட்டேன். கேட்டு, அவர் ‘ம்’ என்று சொல்லிவிட்டால் அதற்குப் பிறகு அந்த வீட்டில் நான் இருக்க முடியாது.

ஜெசிந்தா


பீமிலி
21 ஜனவரி 2025

ஜெசிந்தா,

அவர் என்னிடம் சொன்னதை நான் இன்னொருவருக்கு எழுதுவது சரியில்லை. ஒரு வாரம் யோசித்தேன். ஆனால் நீங்கள் இன்னொருவர் இல்லை.

நவம்பரில் ஒரு மதியம். மழை விட்டிருந்தது. தொட்லகொண்டாவில் பெரிய ஸ்தூபியைச் சுற்றிச் சின்னச் சின்ன ஸ்தூபிகள் இருக்கின்றன. இப்போது மிஞ்சியிருப்பவை செங்கல் வட்டங்கள்தான். அவற்றில் ஆகச் சிறியதின் மேல் கில்பர்ட் உச்சியில் கண்ணாடி பொருத்திய கோலைப் பிடித்திருந்தார். அதைக் குறிபார்த்து அளக்கும் கருவியின் பக்கம் நான் நின்றேன். அளவு பதிவாகிவிட்டது, கையைக் காட்டினேன். அவர் கோலை எடுக்கவில்லை. இன்னொரு தடவை எடுங்கள் என்றார். அதற்குப் பிறகு இன்னொரு தடவை.

“ஏன் கில்பர்ட், அதையே திரும்பத் திரும்ப அளக்கறீங்க?” என்று கேட்டேன்.

“இது யாருக்குக் கட்டினது மேடம்? இவ்ளோ சின்னதா இருக்கே. குழந்தைக்கா?”

“அப்படிச் சொல்ல ஆதாரம் ஒண்ணும் இல்ல. வேண்டிக்கிட்டவங்க வந்து கட்டிட்டுப் போனது. அவங்கவங்க சக்திக்குத் தக்க மாதிரி.”

அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அந்தச் செங்கல் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் வேலையை நிறுத்தச் சொல்லவில்லை, தொடரவும் சொல்லவில்லை. அவராகவே சொன்னார்:

“எங்களுக்கும் ஒரு பொண்ணு இருந்தா மேடம். மிரியம்னு பேர் வச்சோம். கல்லறையில இடம் நெருக்கடி, சின்னக் குழந்தைங்களுக்குக் கல்லு வைக்க விடமாட்டோம்னுட்டாங்க. மரத்துல ஒரு சிலுவை செஞ்சு வச்சேன். ரெண்டாவது மழைக்கு அது இல்ல. இப்ப எது அவ இடம்னு எனக்கே சரியாத் தெரியாது. நான் சர்வேயர் மேடம். எம் பொண்ணு இடத்தை நான் அளந்து வைக்கல.”

“வீட்ல ஜெசிந்தாகிட்ட இதெல்லாம் பேசுவீங்களா?” என்றேன்.

“அவ அந்த வாரமே சொல்லிட்டா. இந்த வீட்ல இனிமே அந்தப் பேர யாரும் எடுக்கக் கூடாதுன்னு. நான் எடுக்கல.”

அழவில்லை. காற்றில் தலைமுடி கலைந்து கண்ணில் விழுந்துகொண்டிருந்தது, அதை ஒதுக்கிவிடக்கூட இல்லை. பிறகு கோலின் உச்சியில் இருக்கிற கண்ணாடியைச் சட்டையில் துடைத்தார். அன்று அந்த நீலக் கட்டம் போட்ட சட்டை. “அடுத்தது எடுக்கலாம் மேடம்” என்று எழுந்தார். அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றிப் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

இவ்வளவுதான் என்னிடம் இருந்தது. உங்களிடம் கொடுத்துவிட்டேன்.

தர்ஷினி


லிங்கராஜபுரம்
28 ஜனவரி 2025

தர்ஷினி,

ஆமாம், சொன்னேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த முதல் வாரம். மாமியார் வந்து போகிறவர்களிடமெல்லாம் மிரியம், மிரியம் என்று கதை சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குப் பால் கட்டிக் காய்ச்சல். அப்போது கத்தினேன். அதை ஒரு மனுஷன் இத்தனை வருஷமாகவா கடைப்பிடிப்பான்? வெங்காயம் வாங்கி வா என்றால் மறந்துவிட்டு வருகிற ஆள். இதை மட்டும் ஏன் மறக்கவில்லை? நான் அவர் பேசுவார் என்று காத்துக்கொண்டிருந்தேன், அவர் நான் பேசச் சொல்வேன் என்று காத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

உங்கள் கடிதத்தைப் பல தடவை படித்துவிட்டேன். முதல் தடவை அவருக்காகப் படித்தேன். பிறகு உங்களுக்காக.

தொப்பியை மடியில் வைத்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். நீலக் கட்டம் போட்ட சட்டை என்று எழுதியிருக்கிறீர்கள். அது நான் கமர்ஷியல் ஸ்ட்ரீட்டில் வாங்கிக் கொடுத்த சட்டை. முடி கண்ணில் விழுந்தது, அதை அவர் ஒதுக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். வேறு யார் கைக்கு அதை ஒதுக்கிவிடத் தோன்றியது?

இன்னொன்று. எங்கள் வீட்டில் யாரும் அந்தப் பெயரை எடுப்பதில்லை என்று நவம்பரிலேயே உங்களுக்குத் தெரியும். தெரிந்தும் ஜனவரியில் அதை எனக்கு எழுதினீர்கள். முதலில் ஆறுதலுக்கு எழுதினீர்கள் என்று எடுத்துக்கொண்டேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. உன் புருஷன் உன்னிடம் சொல்லாததை என்னிடம் சொன்னான் என்று எனக்குக் காட்டினீர்கள்.

உங்களுக்கு அவரைப் பிடித்திருக்கிறதா, இல்லையா?

ஜெசிந்தா


பீமிலி
4 பிப்ரவரி 2025

ஜெசிந்தா,

ஆம்.

அவருக்குத் தெரியாது. தெரியவும் போவதில்லை. பெயரைப் பற்றி நீங்கள் சொன்னதும் சரிதான். எழுதும்போது எனக்கே தெரியவில்லை, உங்கள் கடிதத்தைப் படித்தபோது தெரிந்தது.

கேட்டுவிட்டீர்கள், இதையும் கேட்டுக்கொள்ளுங்கள். அக்டோபரில் நீங்கள் ஒரு டின் நிறைய ரோஸ் குக்கீஸ் அனுப்பினீர்கள். அவர் அதைக் கட்டிலுக்கு அடியில் வைத்துக்கொண்டு சாயங்காலம் ஆளுக்கு ஒன்று என்று கொடுத்தார். கிஷோர் இரண்டாவது கேட்டதற்கு, “ஜெசி அடுப்புப் பக்கத்துல நின்னு நின்னு செஞ்சதுடா, பார்த்துத் தின்னு” என்றார். என் பங்கை நான் தின்னவில்லை. காகிதத்தில் சுற்றி அலமாரியில் வைத்தேன். நமுத்துப்போன பிறகு தூக்கிப் போட்டேன். என் சமையலைப் பற்றி யாரும் எங்கேயும் அப்படிப் பேசியதில்லை. நீங்கள் அங்கே உட்கார்ந்து என்னைப் பார்த்துப் பொறாமைப்படுகிறீர்கள். நான் இங்கே ஒரு டின்னைப் பார்த்து.

மறுபடியும் கேட்காதீர்கள்.

தர்ஷினி


பீமிலி
13 பிப்ரவரி 2025

ஜெசிந்தா,

நேற்று மலைக்கு வந்தது நீங்கள்தானா? வேறு யாராக இருக்க முடியும்.

சாயங்காலம் நாங்கள் இறங்கி வந்தபோது நுழைவாயில் காவலாளி ஒரு டின்னைக் கொடுத்தார். காலையில் பச்சைப் புடவை கட்டிய ஒரு அம்மா வந்தார், டிக்கெட் வாங்கிக்கொண்டு மேலே போனார், உடனே இறங்கி வந்துவிட்டார், இதை கில்பர்ட் சாரிடம் கொடுக்கச் சொன்னார் என்றார். மூடியில் ‘ஜெசி கேக்ஸ்’ ஸ்டிக்கர். கில்பர்ட் திறந்து பார்த்தார். உள்ளே ஒரு சின்ன கேக், மேலே எதுவும் எழுதாமல். அவர் அந்தக் காவலாளியைப் பார்த்தார், பிறகு போனில் தேதியைப் பார்த்தார். டிரைவரிடம் சாவியைப் பிடுங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

விசாகப்பட்டினம் ஸ்டேஷனில் ஒவ்வொரு பிளாட்பாரமாகத் தேடியிருக்கிறார். உங்கள் ரயில் போய்விட்டிருந்தது. போனையும் நீங்கள் எடுக்கவில்லை. திரும்பி வந்து என்னிடம் கேட்டார்: “அவளுக்கு எப்படி மேடம் தெரியும்? இந்த மலையில எந்த இடம்னு, எந்த ஸ்தூபின்னு?” அந்தச் சின்ன ஸ்தூபியின் பக்கத்தில் ஒரு மெழுகுவர்த்தி இருந்ததை அவர் மதியமே பார்த்திருக்கிறார். சுற்றுலா வந்தவர்கள் யாரோ வைத்தது என்று நினைத்திருக்கிறார்.

கடிதங்களைப் பற்றிச் சொன்னேன்.

அவர் அப்படிக் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. “எம் பொண்ணப் பத்தி நீங்க ரெண்டு பேரும் லெட்டர் எழுதி வெளையாடினீங்களா? நான் ஒருத்தன் நடுவுல மனுஷனா தெரியலயா உங்களுக்கு?” என்றார். பெட்டியைக் கட்டிவிட்டார். லீவு கேட்கவில்லை. இந்தக் கடிதம் வருவதற்கு முன்னால் அவர் உங்கள் வாசலில் நிற்பார்.

என்ன ஆனது என்று எனக்குச் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. ஆனாலும் காத்திருப்பேன்.

தர்ஷினி


லிங்கராஜபுரம்
25 பிப்ரவரி 2025

தர்ஷினி,

நான்தான் வந்தேன். நீங்கள் ‘ஆம்’ என்று எழுதிய பிறகு எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. மிரியத்தின் பிறந்தநாளும் நெருங்கியது. வழக்கமாக அன்று நான் ஆர்டர் எதுவும் எடுப்பதில்லை. ஓவனை மூடி வைத்தேன், மாமியாரிடம் ஓசூரில் அத்தை வீட்டுக்குப் போகிறேன் என்றேன், பையப்பனஹள்ளி டெர்மினலில் ரயில் ஏறினேன். உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டும், அவர் பக்கத்தில் நீங்கள் எப்படி நிற்கிறீர்கள் என்று பார்க்க வேண்டும், பிறகு எல்லோர் எதிரிலும் கேட்க வேண்டியதைக் கேட்க வேண்டும். வழி முழுக்க வசனம் தயார் செய்துகொண்டுதான் வந்தேன்.

மலை இப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. இவ்வளவு காற்றை நான் எங்கேயும் பார்த்ததில்லை. நீங்கள் எழுதியிருந்ததை வைத்து அந்தச் சின்ன வட்டத்தைக் கண்டுபிடிக்கக் கஷ்டமாக இல்லை. யாரும் இல்லை அங்கே. மெழுகுவர்த்தியை ஏற்றினேன், உடனே அணைந்துவிட்டது. மறுபடி ஏற்றினேன், அணைந்தது. அப்படியே வைத்துவிட்டேன். அப்போதுதான் பிட்சுகளின் அறைகள் இருக்கிற பக்கத்திலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது.

அந்த வரிசைச் சுவருக்குப் பின்னால் நின்று பார்த்தேன். நீங்கள் ஒரு மேடையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தீர்கள். உயரமாக இருப்பீர்கள் என்று நினைத்திருந்தேன், இல்லை. அவர் ஏதோ சொன்னார். நீங்கள் பேனாவைக் கீழே போட்டுச் சிரித்தீர்கள். அவரும் சிரித்தார். அவர் பல் தெரியச் சிரித்து நான் பார்த்து எத்தனை காலம் ஆகிறது! தயார் செய்துகொண்டு வந்த வசனம் ஒன்றுகூட வாயில் வரவில்லை. இந்தச் சிரிப்பை நிறுத்துவதற்கா இவ்வளவு தூரம் வந்தோம் என்று ஆகிவிட்டது. இறங்கி வந்து டின்னைக் காவலாளியிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டேன். பெருந்தன்மை என்று நினைக்காதீர்கள். ரயிலில் வரும்போது உங்களைத் திட்டிக்கொண்டேதான் வந்தேன்.

சனிக்கிழமை காலை அவர் வந்தார். நான் கிரீம் அடித்துக்கொண்டிருந்தேன். சமையலறை வாசலில் பெட்டியோடு நின்று, “லெட்டர் எழுதுனியா?” என்றார். “நீ பேசுனியா?” என்றேன். அவ்வளவுதான். அதற்குப் பிறகு நடந்ததை லிங்கராஜபுரம் முழுக்கக் கேட்டிருக்கும். நான் உங்களைப் பற்றிச் சொல்லக் கூடாததையெல்லாம் சொன்னேன். அவர் பத்து வருஷத்தில் பேசாததையெல்லாம் சேர்த்துப் பேசினார். சரோஜம்மா ஓடி வந்து, “ஏனாய்தம்மா?” என்று, என்ன ஆச்சு என்று கன்னடத்தில் கேட்க, அந்தம்மா மூஞ்சியில் அடித்த மாதிரிக் கதவைச் சாத்திவிட்டேன். பாவம்.

“எவகிட்டயோ போயி மிரியம்னு சொல்லத் தெரியுது, எங்கிட்ட மிரியம்னு சொல்லத் தெரியலயா?” என்று கத்தினேன்.

கத்திய பிறகுதான் என் வாயிலிருந்தே அந்தப் பெயர் வந்தது எனக்குக் காதில் விழுந்தது. அவர் சுவரில் சாய்ந்து மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார்.

“மிரியம்” என்றார். “நீ சொல்லிட்ட. இனிமே நானும் சொல்லலாமா?”

அன்றைய ஆர்டர் போகவில்லை. கிரீம் உருகிப்போய்விட்டது. வந்தவர்களிடம் மாமியார் ஏதோ சொல்லி அனுப்பினார்.

மலையில் நீங்கள் இரண்டு பேரும் எதற்குச் சிரித்தீர்கள் என்றும் அவரிடம் கேட்டேன். ஒரு ஆடு மேய்ந்துகொண்டே வந்து பிட்சுவின் அறைக்குள் போய்ப் படுத்துக்கொண்டதாம், “மேடம், ரூம் அலாட் ஆயிடுச்சு” என்றாராம். ஒரு ஆட்டுக்குச் சிரித்த சிரிப்பைப் பார்த்து நான் ரயிலேறித் திரும்பியிருக்கிறேன். ஆனாலும் அந்த ஆட்டை எனக்குப் பிடிக்கவில்லை. அதை அவர் உங்களிடம்தானே சொன்னார்.

அவர் கடிதங்களைக் காட்டச் சொன்னார். காட்டினேன். நீங்கள் ‘ஆம்’ என்று எழுதியதை மட்டும் காட்டவில்லை. அது உங்களுக்காக இல்லை. அவருக்குத் தெரிய வேண்டாம் என்பதற்காக.

இப்போது முக்கியமானது. மிரியம் பிறந்த முதல் நாள் நான் மயக்கத்தில் இருந்தேன். அவளைக் கையில் வைத்துக்கொண்டிருந்தது அவர் மட்டும்தான். அந்த நேரத்தில் நடந்த ஒன்றை அவர் எனக்குச் சொன்னார். சின்ன விஷயம். யாருக்கும் தெரியாதது. “இத அவங்ககிட்ட சொன்னியா?” என்று கேட்டேன். இல்லை என்றார். மறுபடியும் கேட்டேன். “இல்ல ஜெசி, சத்தியமா இல்ல. யாருகிட்டயும் இல்ல.”

அதை நான் உங்களுக்கு எழுத மாட்டேன்.

மார்ச் பத்தாம் தேதி அவர் வேலைக்குத் திரும்புகிறார். நானும் வருகிறேன். வேலை முடிகிற வரை அங்கேதான் இருக்கப் போகிறேன். பீமிலியில் ஒரு வீடு பார்த்துக் கொடுங்கள், ஓவன் வைக்க இடம் இருக்க வேண்டும். இன்னொரு விஷயம், இதைக் கெஞ்சியும் கேட்கவில்லை, அதட்டியும் கேட்கவில்லை. முதல் தடவை நானும் அவரும் அந்த மலைக்கு ஏறுகிற அன்று நீங்கள் அங்கே இருக்கக் கூடாது.

ஜெசிந்தா


பீமிலி
4 மார்ச் 2025

ஜெசிந்தா,

வீடு கிடைத்துவிட்டது. கலங்கரை விளக்கத்துக்குப் போகிற வழியில், மாடி. சமையலறை அகலம், ஓவன் தாராளமாக வைக்கலாம். மின்சாரம் அடிக்கடி போகும், அதை வீட்டின் உரிமையாளரிடம் இப்போதே பேசி வையுங்கள். சாவி மலை நுழைவாயில் காவலாளியிடம் இருக்கும். அவருக்கு உங்களை நினைவிருக்கிறது.

பத்தாம் தேதியிலிருந்து ஒரு வாரம் நான் சாலிஹுண்டத்தில் இருப்பேன். அங்கே சரிபார்க்க வேண்டிய அளவுகள் கொஞ்சம் இருக்கின்றன. இல்லாவிட்டாலும் போயிருப்பேன். கிஷோரையும் கூட்டிக்கொண்டு போகிறேன், மலையில் உங்களைத் தொந்தரவு செய்ய யாரும் இருக்க மாட்டார்கள். வெயில் ஏறுவதற்கு முன்னால் போய்விடுங்கள். அந்த ஸ்தூபிக்குக் கிழக்கில் பாறைத் தொட்டி ஒன்று இருக்கிறது, அதன் மறைவில் வைத்தால் மெழுகுவர்த்தி அணையாது.

திரும்பி வந்த பிறகு நாம் ஒரே மேஜையில் சாப்பிட வேண்டியிருக்கும். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. உங்களுக்கும் இருக்கும் என்று நினைக்கிறேன். இந்த வேலை முடிந்ததும் நான் வேறு குழுவுக்குப் போக எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதுவரை வரைபடம் முடிய வேண்டும், அதற்கு கில்பர்ட் வேண்டும். அதற்கு மட்டும்.

அவர் உங்களிடம் மட்டும் சொன்னதை எனக்கு எழுத மாட்டேன் என்று சொல்லியிருந்தீர்கள் அல்லவா, அந்த இடத்தில் கடிதத்தை நிறுத்திவிட்டு வெளியே போய் நின்றேன். பிறகு உள்ளே வந்து அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். பின்புறம் எதுவும் எழுதியிருக்கவில்லை.

தர்ஷினி